கரிக்குச் சொன்ன ‘சரிங்க’

காலை ஆறரை மணிக்கு மாடிக்குப் போய்ச் சோலார் தகடுகளைத் துடைப்பது என் ஓய்வுக்கால உத்தியோகம். எட்டுத் தகடுகள், ஒரு பக்கெட் தண்ணீர், நீளக் கம்பில் சுற்றிய பழைய வேட்டித் துணி. துடைத்து முடித்ததும் துணியைப் பிரித்துப் பார்த்து, அதன் நிறத்தை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைப்பேன். வெள்ளை, பழுப்பு, கறுப்பு. யாரும் கேட்டு எழுதுவதில்லை. முப்பத்து நான்கு வருஷம் மின்சார அலுவலகத்தில் கோப்புகளோடு இருந்தவனுக்கு, எதையாவது எழுதிவைத்தால்தான் பொழுது விடிந்ததாகத் தோன்றும்.

ஆடியில் துணி கறுப்பாக வரும். அப்போது காற்று மேற்கிலிருந்து, பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிறது. எங்கள் குடியிருப்புக்கு மேற்கே இரண்டு தென்னந்தோப்பு தாண்டினால் ஒரு சைசிங் மில். அதன் பாய்லர் நிலக்கரியில் ஓடுகிறது. தை மாதம் காற்று திரும்பிவிடும். கரித்தூள் வேறு யார் வீட்டு மாடிக்கோ போகும், என் துணி வெள்ளையாக வரும். ஆடியில்தான் உடுமலைப் பக்கம் காற்றாலைகளெல்லாம் வெறி பிடித்தமாதிரி சுற்றும், கரி கரண்டு அவ்வளவாகத் தேவைப்படாது என்பார்கள். எனக்குக் கரி வந்து சேர்வதும் அதே காற்றில்தான். இதை எந்தப் பக்கமிருந்து யோசித்தாலும் எனக்குப் பிடிபட்டதில்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த மில் என் மனைவியின் தம்பியுடையது. நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். என் வீட்டு மாடியில் தகடு போட்ட அன்று தேங்காய் உடைத்தவர் அவர்தான்.

விசைத்தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு, நீராவியில் சூடான உருளைகள்மேல் ஓட்டிக் காயவைத்து, பீம் என்ற பெரிய நூலுருளையில் சுற்றிக் கொடுப்பதுதான் சைசிங். கஞ்சி போடாத நூல் தறியில் ஒரு மணி நேரம் தாங்காது, அறுந்துகொண்டே இருக்கும். நீராவி நின்றால் உருளை நிற்கும், உருளை நின்றால் மில் நிற்கும், மில் நின்றால் சுற்றுவட்டத்தில் இவரிடம் பீம் வாங்கும் தறிகள் நிற்கும். இதெல்லாம் ஒரு பாய்லரில், அந்தப் பாய்லர் ஒரு கரிக்குவியலில். துறைமுகத்திலிருந்து லாரியில் வரும் அந்தக் கரிக்கு மில்லில் ‘இந்தோனேசியா’ என்று பெயர். காலையில் பாய்லர்காரர், இந்தோனேசியா தீர்ந்துபோச்சுங்க என்பார். ஒரு தேசமே தீர்ந்துபோனமாதிரி இருக்கும்.

உத்தியோக காலத்தில் ‘நிலக்கரி’ என்ற சொல்லை எத்தனையாயிரம் தடவை எழுதியிருப்பேனோ தெரியாது. மின்வெட்டுக் காலத்தில் தினமும் புகார் மனுக்கள் வரும். பாவு ஓட்டுகிறவர்கள், கோழிப்பண்ணைக்காரர்கள், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர்கள். எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் தயாரித்து வைத்திருந்தேன்: ‘நிலக்கரி வரத்துக் குறைவின் காரணமாக.’ நல்ல வாக்கியம். அதை எதிர்த்து யாரும் எதுவும் கேட்க முடியாது. ஆனால் நிலக்கரியை நான் முதன்முதலில் கையில் எடுத்துப் பார்த்தது ஓய்வு பெற்ற பிறகு, மாப்பிள்ளையின் மில்லில். நினைத்த அளவு கனமில்லை. விரலில் அழுத்தினால் ஓரம் பொடிந்தது. இதற்காகவா இத்தனை கடிதம் என்று தோன்றியது.

போன வைகாசியில், மேல்காற்று தொடங்கியதுமே, எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவி ஒரு புடவையோடு வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கட்டும் வெள்ளைப் புடவை. கொடியில் காயப்போட்டிருந்ததில் மிளகு தூவியதுபோலக் கரும்புள்ளிகள். இரண்டு தடவை துவைத்தும் போகவில்லை என்றார். அதற்குமேல், ராத்திரியெல்லாம் இருமுகிறேன் என்பதையும் சொன்னார், ஆனால் அதைப் புடவைக்கு அப்புறமாகத்தான் சொன்னார். மாசு பார்க்கும் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுத வேண்டும், சங்கச் செயலாளர் நீங்கள்தான், முறை தெரிந்தவரும் நீங்கள்தான் என்றார். மில் யாருடையது என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். வகுப்பில் யார் பேசினார்கள் என்று தெரிந்தே கேட்கும் பார்வை.

நான் ஒப்புக்கொண்டதற்கு ஒரு கணக்கு இருந்தது. மனுக்கள் எப்படித் தூங்கும் என்பதை என்னைவிட அறிந்தவர்கள் குறைவு. பல மனுக்களை நானே தாலாட்டியிருக்கிறேன். பெயர் குறிப்பிடாமல் ‘அருகிலுள்ள ஆலை’ என்று எழுதினால் அது எந்த மேஜைக்கும் சொந்தமாகாமல் கிடந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் எழுத உட்கார்ந்ததும் கை கேட்கவில்லை. பொருள், பார்வை, ஆலையின் பெயர், எந்தச் சட்டத்தின் கீழ், எத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும், நகல் யாருக்கெல்லாம். ‘ஆலையின் புகைபோக்கியிலிருந்து வெளியேறும் கரித்துகள்கள்’ என்று ஆரம்பித்து மூன்று பத்தி. தலைவி புடவையையே இணைப்பாக வைக்கலாமா என்று கேட்டார். துணியை இணைக்க விதியில்லை, புகைப்படம் இரண்டு பிரதி போதும் என்றேன். சங்கத்தின் பெயரில் கையெழுத்து அவர்தான் போட்டார். வீட்டில் சொல்லவில்லை. என் மனைவிக்குத் தம்பி என்றால் உயிர். அவள் அவரைக் கூப்பிடுவதே இன்றைக்கும் கண்ணு என்றுதான், அவருக்கு ஐம்பத்தெட்டு வயதாகியும்.

அந்த மனு தூங்கவில்லை. பதினைந்தாவது நாள் மாப்பிள்ளை போன் செய்து, யாரோ எழுதிப்போட்டிருக்காங்க மச்சான், நாளைக்கு ஆபீசரம்மா வாராங்களாமுங்க, முறை தெரிஞ்ச ஆளு நீங்க கூட இருந்தாத் தேவலை என்றார். நான் வருகிறேன் என்றேன். வேறென்ன சொல்வது.

வந்தவர் முப்பது வயதுக்குள் இருக்கும் பெண் பொறியாளர். நாகர்கோவில் பக்கம், பேச்சில் தெரிந்தது. எங்கள் ஊருக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கடுமையானவர் இல்லை, கரிக்குவியலைப் பார்த்தார், சிம்னியை அண்ணாந்து பார்த்தார், சாம்பல் எங்கே கொட்டுகிறீர்கள் என்று கேட்டார், பாய்லர்காரரின் கண்களைப் பார்த்து நீங்கள் டாக்டரிடம் காட்டினீர்களா என்றுகூடக் கேட்டார். மாப்பிள்ளை பின்னாலேயே கைகட்டிக்கொண்டு நடந்தார். இளநீர் வெட்டச் சொல்லியிருந்தார், அந்தப் பெண் வேண்டாம் என்றார். அதற்கும் மாப்பிள்ளை சரிங்க என்றார்.

பிறகு பொறியாளர் அலுவலக அறையில் உட்கார்ந்து விவரமாகச் சொன்னார். இந்தக் கரியில் தூள் அதிகம், சிம்னி உயரம் போதாது, குடியிருப்பு பக்கத்திலேயே வந்துவிட்டது.

“அதனால நிலக்கரிய நிறுத்திரணும்.”

“சரிங்க.”

“வேற எரிபொருளுக்கு மாறிரணும்.”

“சரிங்க.”

“ஒரு மாசம் போதுமா?”

“சரிங்க அம்மணி.”

அவர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்த வாக்குமூலத்தைச் சத்தமாகப் படித்தார், மாப்பிள்ளை அதற்கும் தலையாட்டிச் சரிங்க என்றார். பிறகு அந்தப் பெண் என்னிடம் நீட்டி, சார் அரசு வேலையில் இருந்தவர், எழுதினது சரியா என்று பாருங்கள் என்றார்.

நான் பார்த்தேன். தேதி, இடம், நேரம், அடித்துத் திருத்திய இடத்தில் சுருக்கொப்பம், எல்லாம் ஒழுங்கு. ‘முப்பது நாட்களுக்குள் நிலக்கரி பயன்பாட்டை முற்றிலும் நிறுத்துவதாக உரிமையாளர் ஒப்புக்கொண்டார்’ என்று இருந்தது. ‘நிலக்கரி’க்கும் ‘பயன்பாட்டை’க்கும் நடுவே ஒரு ‘ப்’ வேண்டும். போட்டேன், பக்கத்தில் சுருக்கொப்பமிட்டேன். சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண் நன்றி சொன்னார். தன் ஊரில் சந்தி இலக்கணத்தை நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள், வேலையில் மறந்துவிட்டது என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கத் தோன்றவில்லை.

மாதம் முடிந்ததும் நோட்டீஸ் வந்தது. உரிமையாளர் ஒப்புக்கொண்டபடி நிலக்கரியை நிறுத்தாததால், பதினைந்து நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் ஆலையின் மின் இணைப்பைத் துண்டிக்க மின்சார அலுவலகத்துக்குப் பரிந்துரை செய்யப்படும். மாப்பிள்ளை அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

“நான் ஒத்துக்கவே இல்லைங்களே மச்சான்.”

“வாக்குமூலத்துல இருக்குதே.”

“சரிங்கன்னுதானுங்க சொன்னேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் சரிங்க என்றால் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம். பெரியவர்கள் பேசும்போது நடுநடுவே அது இல்லாவிட்டால் மரியாதை தெரியாதவன் என்பார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் சரிங்க என்று சொல்லிவிட்டு வந்து, ரோட்டிலேயே வேண்டாம் என்று முடிவுசெய்கிற ஊர் இது. சம்மதம் என்றால் வேறு மாதிரி இருக்கும்; ஆகட்டுங்க என்பார்கள், பண்ணிப்போடலாமுங்க என்பார்கள், அதற்கு முகமும் கொஞ்சம் வேறு மாதிரி போகும். எழுபது வருஷம் இந்த மண்ணில் பேசியவன், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சரிங்கவையும் கேட்டேன். ‘ஒப்புக்கொண்டார்’ என்பதையும் படித்தேன். இரண்டுக்கும் நடுவே இருந்த பள்ளம் கண்ணில் படவில்லை, ஒரு ஒற்றெழுத்து இல்லாதது பட்டது.

என் மனைவி நோட்டீசை வாங்கிப் படித்தாள். தம்பியிடம் தண்ணி குடி கண்ணு என்றாள். என்னிடம், ஏனுங்க, உங்களுக்குத் தெரியாத முறையா, எப்படியாவது எழுதி நிப்பாட்டுங்க என்றாள். அவன் இந்த வயசுல வேற என்ன பண்ணுவான் என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். தன் தம்பியின் மில்லுக்கு எதிராக மனு எழுதியவனிடம், அதைக் காப்பாற்று என்கிறாள். அந்த மனுவால் வந்த வாக்குமூலத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனும் அவன்தான். இப்போது நோட்டீசுக்கு எதிராக மேலதிகாரிக்கு மேல்முறையீடும் அவன்தான் எழுத வேண்டும். ஒரு கோப்பில் மனுதாரர், சாட்சி, எதிர்மனுதாரர் மூன்றும் ஒரே ஆளாக இருந்து நான் பார்த்ததில்லை. தடுக்க விதி ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தேன். இல்லை. யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எழுதுவதற்கு முன்னால், நேர்மையாக ஒரு வழி இருக்கிறதா என்று நானும் மாப்பிள்ளையும் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பேசினோம். விறகுக்கு மாறலாம், புகை இதைவிட அதிகம், மழைக்காலத்தில் ஈரவிறகு எரியாது, அத்தனை மரத்துக்கு எங்கே போவது. தேங்காய்த் தொட்டி, அதாவது கொட்டாங்கச்சி, நன்றாக எரியும். ஆனால் காங்கேயம் பக்கத்துக் கரி ஆலைகள் ஒன்று விடாமல் வாரிக்கொண்டு போகின்றன, சுட்டுக் கரியாக்கி வெளிநாட்டுக்கு அனுப்ப. நம் ஊர்க் கரி கப்பலில் போகிறது, அந்த ஊர்க் கரி கப்பலில் வருகிறது, இரண்டும் கடலில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கடக்கும் போலிருக்கிறது. கேஸ் குழாய் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. மிச்சம் கரண்டு பாய்லர். அதற்குக் கூடுதல் மின்பளு வேண்டும். விண்ணப்பம் எனக்கு மனப்பாடம், நாளைக்கே போட்டுவிடலாம் என்றேன்.

மாப்பிள்ளை நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

“அந்தக் கரண்டு எதுலருந்துங்க வருது?”

காற்று, தண்ணீர், வெயில், அணு என்று அடுக்கினேன். அப்புறம் என்றார். ஆவணி போனால் காற்று நிற்கும், பொழுது சாய்ந்தால் வெயில் நிற்கும், மழை பொய்த்தால் தண்ணீர் நிற்கும், அதனால் மிச்சத்துக்கு என்று இழுத்தேன்.

“மிச்சத்துக்கு?”

“கரிதான் மாப்பிள்ளை.”

“அப்ப நான் பத்தவெக்கற கரியத் தூத்துக்குடி பவர்ஹவுஸ்ல பத்தவெக்கறதுங்களா மச்சான். அங்க யாரு ஊட்டுப் பொடவைங்க?”

அங்கே சிம்னி உயரம், தூள் பிடிக்கும் கருவிகள் பெரிது, விதிகள் கடுமை என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் உண்மைதான். ஆனால் சாயங்காலம் ஆறரைக்கு மேல் என் வீட்டு விளக்கு எரிவதும் அந்தக் கரியில்தான் என்பது, இத்தனை நாள் தகடு துடைத்தும் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. பகலில் நான் கம்பிக்குக் கொடுக்கிறேன், பொழுது சாய்ந்ததும் வாங்குகிறேன். கொடுத்ததும் வாங்கியதும் ஒன்றா என்று மீட்டரைக் கேட்டால், கழித்துக் காட்டும். நான் கேட்க விரும்பியது அதுவல்ல.

செய்தித்தாளிலும் தெளிவு கிடைக்கவில்லை. எங்கோ கூடிய உலக மாநாட்டில், நிலக்கரியை ‘நிறுத்துவதா’ ‘குறைப்பதா’ என்று ஒரே சொல்லுக்காக நாடுகள் மல்லுக்கட்டின என்று முன்பு படித்திருக்கிறேன். அதற்குப் பிறகும் தோண்டுவது குறைந்தபாடில்லை. ஒரு பக்கத்தில் கரியைக் கைவிட வேண்டும் என்ற கட்டுரை, அடுத்த பக்கத்தில் புதுச் சுரங்க ஏலம். கையெழுத்துப் போட்டு வந்தவர்களெல்லாம் அங்கே என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தேன். எனக்கென்னவோ எல்லோரும் சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தமாதிரிதான் பட்டது. அப்படியானால் கொங்கு நாடு நான் நினைத்ததைவிடப் பெரியது.

மேல்முறையீட்டை எழுதினேன். நாலு நாள் ஆனது. ‘இப்பகுதியில் சரிங்க என்னும் சொல், கூறப்பட்டது செவியுறப்பட்டது என்பதை மரியாதையுடன் தெரிவிக்கும் சொல்லேயன்றிச் சம்மதத்தைக் குறிப்பதன்று’ என்ற வாக்கியம் மட்டும் ஒரு நாள் முழுக்க எடுத்தது. கூடவே, புகைபோக்கியில் தூள் பிடிக்கும் பெட்டி பொருத்த ஆறு மாத அவகாசம் கேட்டேன். தூள் விழுந்தால் தலைவி இருமுவார், பாய்லர் நின்றால் மாப்பிள்ளை முடிந்துபோவார். இரண்டில் எது என் பக்கம் என்று தெரியாமலே எழுதினேன். என் உத்தியோக வாழ்க்கையில் மிக நன்றாக எழுதிய கடிதம் அதுதான் என்று நினைக்கிறேன்.

விசாரணை கோயம்புத்தூரில், மேலதிகாரியின் அறையில். நடுத்தர வயது, கோபிப் பக்கத்துக் கொங்குக்காரர், அதுவும் பேச்சிலேயே தெரிந்தது. எங்களை உட்காரச் சொன்னார். கோப்பைத் திறந்து வாக்குமூலத்தை எடுத்து, விரலை ஒரு இடத்தில் வைத்தார்.

“இந்த ‘ப்’ யாருங்க போட்டது?”

“நானுங்க.”

“அப்பப் படிச்சுப்போட்டுத்தானுங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க?”

“ஆமாங்க.”

அவர் சிரிக்கவில்லை. கோப்பில் இன்னும் கீழே போய்ச் சங்கத்தின் மனுவை எடுத்து, எங்கள் மேல்முறையீட்டின் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். பொருள், பார்வை, ஓரத்தில் விடும் இடம், நகல் வரிசை. இரண்டிலும் ‘புகைபோக்கி’. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மாப்பிள்ளை மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் நல்லா எழுதியிருக்குதுங்க என்று மட்டும் அதிகாரி சொன்னார்.

மாப்பிள்ளை பேசினார். தறிக்காரர்களைப் பற்றி, பாய்லரைப் பற்றி, தூள் பிடிக்கிற பெட்டி வைக்க ஒத்துக்கொள்வதைப் பற்றி. அந்தச் சர்ச் டீச்சர் இருமுவது தனக்கும் தெரியும் என்றார், தன் பிள்ளைகள் அவரிடம்தான் படித்தார்கள் என்றார். முழுவதையும் நான் எழுதாத வார்த்தைகளில் சொன்னார். கேட்டு முடித்ததும் அதிகாரி கோப்பை மூடினார்.

“சரிங்க.”

நாங்கள் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். வராண்டாவில் நின்றதும் மாப்பிள்ளை கேட்டார்: சரின்னுட்டாருங்களா மச்சான்?

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தச் சொல்லுக்கு விளக்கம் எழுத ஒரு நாள் எடுத்தவன். அதிகாரியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் மேஜைமேல் கிடந்த என் இரண்டு கடிதங்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிரே இருந்த பேக்கரியில் மாப்பிள்ளை டீயும் தேங்காய் பன்னும் வாங்கினார். பன்னைப் பிய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“மனு நகல் எனக்கும் வந்துச்சுங்க மச்சான். ஊரே சிம்னீங்கும். புகைபோக்கின்னு சொல்ற ஆளு ஒருத்தருதானுங்க.”

அப்படியானால் என்னை ஏன் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். அவ்வளவு நல்லா எழுதற ஆளு நம்ம பக்கமும் வேணுமில்லீங்களா என்றார். அக்காவிடம் சொன்னீர்களா என்றேன். சொல்லவில்லை என்று தலையாட்டினார். அவர் என்னை மன்னித்தாரா, கிண்டல் செய்தாரா, அல்லது வெறும் காரியமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டீ ஆறிப்போயிருந்தது.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் ஒன்றும் வரவில்லை. இணைப்பைத் துண்டிக்கவும் யாரும் வரவில்லை. நான் தினமும் தகடு துடைத்தேன். துணி கறுப்பாக வந்தால், மில் ஓடுகிறது. நோட்டில் ‘கறுப்பு’ என்று எழுதும்போது நிம்மதியாக இருந்தது. பக்கத்து வீட்டு மாடியில் தலைவியின் புடவை காய்ந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்ததும் நிம்மதி போய்விடும். இரண்டும் ஒரே காலையில், ஐந்து நிமிஷ இடைவெளியில்.

ஒரு வெள்ளிக்கிழமை துணி வெள்ளையாக வந்தது.

திருப்பிப் பார்த்தேன். இன்னொரு தகட்டைத் துடைத்தேன். வெள்ளை. காற்று மேற்கிலிருந்துதான் வந்தது, தென்னை மட்டைகள் எங்கள் பக்கமே சாய்ந்துகொண்டிருந்தன. சிம்னியில் புகை இல்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. இந்த வெள்ளைக்காகத்தானே மனு எழுதினோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு தோப்பு வழியாக நடந்தேன். பின்னாலிருந்து மனைவி, என்னாச்சுங்க என்று கேட்டது காதில் விழுந்தது.

மில்லில் உருளைகள் நின்றிருந்தன. நூல் பாதி ஓடிய இடத்திலேயே விறைப்பாக நின்றது. ஆட்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை பாய்லர் அறைக்குப் பின்னால், சாரத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சிம்னிக்குப் போகும் குழாயை அறுத்து, நடுவே ஒரு பெரிய தகரக் கூம்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள். தூள் பிடிக்கிற பெட்டிங்க மச்சான், ரெண்டு நாள் வேலை, சத்தத்துல போன் கேக்கலைங்க என்றார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து உத்தரவை எடுத்துக் கொடுத்தார். வந்து நாலு நாள் ஆகியிருந்தது.

படித்தேன். துண்டிப்புப் பரிந்துரை நிறுத்திவைக்கப்படுகிறது. தூள் பிடிக்கும் கருவி உடனே பொருத்தப்பட வேண்டும். நிலக்கரிப் பயன்பாட்டைப் ‘படிப்படியாகக்’ குறைத்து மாற்று எரிபொருளுக்கு மாறுவதாக உரிமையாளர் எழுத்து மூலம் உறுதி தர வேண்டும். ‘ப்’ இருந்தது. படிப்படியாக என்பது எனக்குப் பழகிய சொல். நடக்காது என்று தெரிந்தவற்றுக்கெல்லாம் நானே அதைப் போட்டிருக்கிறேன். நடக்க வேண்டும் என்று விரும்பியவற்றுக்கும் போட்டிருக்கிறேன். இந்த உத்தரவில் எது என்று நாலு தடவை படித்தும் பிடிபடவில்லை.

உறுதிமொழி எழுத வேண்டுமே, பேப்பர் கொடுங்கள் என்றேன். எழுதிக் குடுத்துப்போட்டனுங்க என்றார். நகலைக் காட்டினார். நீலப் பேனாவில், சாய்ந்த கையெழுத்தில், பொருள் இல்லை, பார்வை இல்லை, தேதிகூட வலது மூலையில் இல்லாமல் அடியில் இருந்தது.

‘ஐயா, பெட்டி வைக்கிறேன். கரியைக் குறைக்க முயற்சி செய்கிறேன். இப்போது எப்படி என்று தெரியவில்லை. தெரிந்ததும் செய்கிறேன். இதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.’

பேனாவை எடுத்தவன், எங்கே திருத்துவது என்று தெரியாமல் பையில் போட்டுக்கொண்டேன். ஒற்றுப்பிழைகூட இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, நானே மனைவியிடம் சொன்னேன், மனுவை எழுதியது நான்தான் என்று. அவள் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. கீரையை முடித்துவிட்டு, சரிங்க என்றாள். அது எந்தச் சரிங்க என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை; இன்னும் வரவில்லை.

திங்கட்கிழமை பாய்லர் மறுபடி பற்றவைக்கப்பட்டது. செவ்வாய் காலை மாடிக்குப் போனேன். மேற்கே சிம்னியில் புகை இருந்தது, முன்பைவிட மெலிதாகவா, வெளிச்சம் அப்படிக் காட்டியதா, சொல்ல முடியவில்லை. எட்டுத் தகடும் துடைத்துத் துணியைப் பிரித்தேன். கறுப்பு இல்லை. வெள்ளை என்றும் சொல்ல முடியாது. வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். துணி கொடியில் போட வந்த என் மனைவி பக்கத்தில் வந்து நின்று அவளும் பார்த்தாள்.

“கரிங்களா, ரோட்டுத் தூசிங்களா?”

தெரியவில்லை என்றேன். அவள் ஒரு முனையை விரலில் தேய்த்துப் பார்த்து, அவளுக்கும் தெரியாமல், விரலை என் சட்டையில் துடைத்துவிட்டுப் போனாள். நோட்டில் அன்றைக்குத் தேதியை மட்டும் எழுதியிருக்கிறேன்.